பூட்ஸ் காரில் போனது

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகள் கழுவும் அறையின் தரை காய்ந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே வேலை பார்ப்பவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவளுடைய ரப்பர் பூட்ஸ் இரண்டிலும் ஓட்டை. காலையில் உள்ளே புகுந்த தண்ணீர் சாயங்காலம் அவளோடுதான் வெளியே வரும். விரலிடுக்கில் பூஞ்சை குடியேறிவிட்டது. மருந்து போட்டால் போகும், பூட்ஸில் காலை விட்டால் திரும்பும். புது பூட்ஸ் கேட்டால் மேலாளர், "எழுதிப் போட்டாச்சு" என்பார்.

பக்கத்து அறையில் நோய்ப் பூஞ்சைகளை விதவிதமான கதிர்களில் காட்டி, எது சாகிறது, எது பிழைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்வு செய்யும் மேடம் சாப்பிடப் போனதும், அக்காவும், கூடவே தட்டு கழுவும் அவள் தம்பி பெண்டாட்டியும் பூட்ஸைப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"வெந்துடுச்சா பாருங்க அண்ணி."

"இது என்ன அடுப்பாடி? பேசாம நில்லு."

மேடம் அன்றைக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டார். வேலை போச்சு என்று அக்கா பூட்ஸை அவசரமாக வெளியே இழுத்தாள்.

"எவ்வளவு நாளா இது நடக்குது?"

"தினமும்தான் மேடம்."

"அரிப்பு நின்னுச்சா?"

"முன்னைவிட ஜோரா அரிக்குது மேடம்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. கையுறை மாட்டிக்கொண்டு பூட்ஸின் நுனியைச் சுரண்டி, கிடைத்ததை வளர்த்துப் பார்த்தார். விளக்கின் ஒளி நுனிவரை சரியாக எட்டவில்லை. சாகாத அளவுக்குத் தினமும் கொஞ்சம் பட்டதில் பூஞ்சை அதற்குப் பழகித் தேறிவிட்டிருந்தது. மற்றவை செத்து விழுந்த கதிரில் அக்காவின் பூஞ்சை வெயில் காய்வதுபோல் படர்ந்து கிடந்தது. மேடம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க குடும்பமே இப்படித்தான் அண்ணி. எதுக்கும் அசையாது."

"என் தம்பியையும் சேர்த்தாடி சொல்ற?"

"அவரை வெச்சுதான் சொல்றேன்."

அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். தண்ணீர் குடித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள். "மேடம், அந்தப் புது பூட்ஸ்..."

"நல்லவேளை, வாங்கித் தராம இருந்தாங்க" என்றார் மேடம், மனதார.

அடுத்தது காமாக் கதிர். அந்த இயந்திரம் வேறு ஊரில் இருந்தது. பஞ்சு வைத்த பெட்டியில் பூட்ஸைப் படுக்கவைத்து, இருவர் தாங்கிப் பிடித்து, அலுவலகக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். சூடு ஆகாது என்று ஏசி போட்டார்கள்.

கார் வளைவில் மறையும்வரை அக்கா கையாட்டினாள். பிறகு உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினாள்.