கடைசி லாரியை விழுங்கிய ஷெல்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறப்பு விழா. "மனுஷன் தப்பு செய்வான், கம்ப்யூட்டர் செய்யாது" என்றார் பேச வந்தவர். எல்லோரும் தட்டினோம். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து வெளியே போனாள். பஸ்ஸைப் பிடிக்கப் போயிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் இருந்த கசப்பு என்னை விடவில்லை. அவளுக்குச் சிந்தாமணி என்று பெயர் வைத்தேன். ஒரு வேலை கொடுத்தேன். அதைப் பறிக்கவும் ஏற்பாடு செய்தேன்.

2

சுண்ணாம்புத் தூசி பறக்கும் அந்தக் காலையில் சிந்தாமணி தன் முந்தானையால்...

(வேண்டாம். கம்ப்யூட்டர் ரூமில் ஏ.சி. ஓடுகிறது. செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தூசி எங்கிருந்து வரும்?)

மறுபடி. 1987. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. (நானே கட்டியது, தேடிப் போகாதீர்கள்.) அங்கே யூனிக்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர் எந்திரம். அதற்குள் ஷெல் என்று ஒன்று: நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே போய்ச் சொல்கிற பியூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் லாரிகளின் நம்பரை வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் சிமெண்ட் ஏற்ற லோடு சீட்டு அடிக்கச் சொல்வது சிந்தாமணியின் வேலை. இந்தப் பியூன் கடைசி நம்பரை மட்டும் தினமும் விழுங்கிவிடும்.

"ஏம்மா, விடியக்காலையில புடிச்சு நிக்கிறேன், எனக்கு மட்டும் சீட்டு வரலியே!" என்று ஜன்னலில் வந்து கத்துவார் டிரைவர் குழந்தைவேல்.

திட்டு வாங்கி அலுத்துப்போய் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டியலின் அடியில் வராத லாரி ஒன்றின் நம்பரைச் சேர்த்தாள். விழுங்குவதானால் அதை விழுங்கட்டும். வராத லாரி என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அவள் புருஷன் சாமிதுரை ஓட்டி, சுரங்கக் குழியில் கவிழ்ந்து, பழைய இரும்புக்குப் போன லாரி.

(முதல் பிரதியில் சாமிதுரையைக் கொன்றிருந்தேன். விதவை என்றால் நீங்கள் சுலபமாக இரங்கிவிடுவீர்கள். அதனால் கால் ஊனத்தோடு விட்டேன். வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான்.)

3

இந்த மாதிரிக் கோளாறை கம்ப்யூட்டர் தொழிலில் 'பக்' என்பார்கள். மெட்ராஸ் கம்பெனியிலிருந்து எந்திரத்தைப் பார்க்க வரும் இன்ஜினியர் இளையபெருமாளிடம் அதைச் சொன்னாள்.

"நீங்க சரியா டைப் பண்ணிருக்க மாட்டீங்க மேடம்."

"நீங்களே தட்டிப் பாருங்க சார்."

தட்டினான். அவன் கண் முன்னாலேயே கடைசி லாரி காணாமல் போனது. நீங்களும் கூடத்தான் இருந்தீர்கள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. சரி பண்ணிக் குடுத்துடுறேன்" என்றான் மெதுவாக.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த முறை வந்தபோது புது புரோகிராம் டேப் ஒன்றைப் போட்டுச் சரிசெய்தான். சரிசெய்ததை அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

4

மறுநாளும் அவள் வழக்கம்போலத் தட்ட, செத்த லாரிக்குச் சீட்டு வந்தது. அந்தச் சீட்டில் ஒரு லோடு சிமெண்டும் வெளியே போனது.

(கொண்டுபோனது யார்? தெரியாது. கண்டுபிடித்தால் துப்பறியும் கதையாகிவிடும். தவிர, அந்த ஆலையில் யாருமே கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை.)

5

விசாரணை. மேனேஜர், பக்கத்தில் இளையபெருமாள். சிந்தாமணியை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"உன் புருஷன் லாரி நம்பர் எப்படிம்மா லிஸ்ட்டுல வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் கடைசி நம்பரை முழுங்கும் சார். அதுக்குத்தான் போட்டேன்."

"எங்க, முழுங்கச் சொல்லு பார்ப்போம்."

தட்டினாள். எல்லா நம்பரும் வந்தன, கடைசி நம்பர் உட்பட. மறுபடி தட்டினாள், மறுபடியும் வந்தன. வேலை போனாலாவது முந்திரி உடைத்துப் பிழைக்கலாம். திருடி என்ற பெயரோடு எந்தத் தெருவில் நடப்பது?

எனக்கு ஆத்திரமாக வருகிறது. பழுதைச் சொன்னவளுக்கு, பழுது நீங்கியதே குற்றமாகிவிட்டது.

6

இங்கே இளையபெருமாள் வாய் திறக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

அவன் சட்டென்று எழுந்து, "சார், தப்பு எங்க மேல..." (அடித்துவிட்டேன். இவன் எழுந்திருக்கிற ஆள் இல்லை.)

பின்னால் மனசாட்சி உறுத்தி, உடையார்பாளையத்தில் அவள் வீட்டைத் தேடிப் போய்... (இதுவும் வேண்டாம். மன்னிப்பு கேட்பவன் நல்லவனாகிவிடுவான், அவளுக்கு மிஞ்சுவது ஒரு டம்ளர் டீ போடும் வேலை.)

கடைசி லாரியைப் போல இந்தக் கதையின் கடைசி வரியையும் காணாமல் போகச் செய்து முடிக்கலாம். கெட்டிக்காரன் என்பீர்கள். அவள் வேலைக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ஆகவே அவனை எழுப்பிவிட்டேன். நாற்காலி காலி, வந்து உட்காருங்கள். நீங்கள்தான் இளையபெருமாள். மெட்ராஸில் வாடகை வீடு, பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். எங்கள் எந்திரத்தில் பழுதே கிடையாது என்று சொல்லித்தான் உங்கள் கம்பெனி இதை விற்றது. வாய் திறந்தால் உங்கள் வேலை போய்விடும்.

சிந்தாமணி உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்க பாத்தீங்கல்ல சார்? சொல்லுங்க."