புதன்கிழமைத் தண்ணீர்

கையில் பையோடு யார் பள்ளிக்கு வந்தாலும் நம் வாத்தியார்களுக்கு அவர் இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர்தான். பிரிஸ்கில்லா வந்தபோதும் அப்படித்தான் ஆனது.

ஆம்பூர்ப் பக்கத்து நான்கு பள்ளிகளும், வேலூர்க் கல்லூரி ஒன்றும், தோல் பதனிடும் டேனரி ஒன்றும் சேர்ந்து 2004-ல் ஓடை நீர் ஆய்வு ஒன்றை ஆரம்பித்தன. அதற்கு அவர் மதிப்பீட்டாளர். "நான் கடைசில மார்க் போட வரல டீச்சர். உங்க கூடவே இருப்பேன். எங்க தப்பாப் போவுதோ அப்பவே சொல்வேன், அப்பவே மாத்திக்கலாம்" என்றார். யார் நம்பினார்கள்? பிள்ளைகளுக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கான பழைய பாடமே நடந்தது: பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை, ஆனால் எல்லாரும் தூக்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியை ஆக்னஸ் போட்டதும் அதே தப்புக் கணக்குதான். இந்த அம்மா எழுதுவதெல்லாம் வருஷக் கடைசியில் டெல்லிக்குப் போய் பீரோவில் தூங்கும் என்று நினைத்து, டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்.

"பசங்க சோதனைக்குப் புதன்கிழமை தண்ணி எடுக்குறாங்க. டேனரில ஞாயித்துக்கிழமை கழிவத் தொறந்து வுடுறாங்க. புதனுக்குள்ள ஓடை தெளிஞ்சிடுது மேடம்."

திறந்து விடுவது தன் கணவன் எலியாஸ் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பிரிஸ்கில்லா முகம் மலர்ந்தது. "இத மாசக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வைக்கணும் டீச்சர்."

ஆக்னஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அந்தக் கூட்டத்தில் டேனரி மேனேஜர் சம்பந்தம் என்பவரும் உட்காருவார்.

"என் பேரச் சொல்லிடாதீங்க மேடம்."

"யார் பேரும் வராது."

பேர் எதற்கு? வால்வு சாவி எலியாஸிடம், அவன் பெண்டாட்டி இந்தப் பள்ளியில். சம்பந்தத்துக்கு அது போதாதா? ஒரு டேனரியில் துரத்தினால் அடுத்த டேனரியில் கேட்டுக்குள் விடமாட்டார்கள். எலியாஸிடம் சொல்லவும் அவளுக்குத் தைரியமில்லை. கூட்டத்து நாள்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கூட்டத்தில் பிரிஸ்கில்லா எழுந்து, தண்ணீர் எடுக்கும் நாளைத் திங்கட்கிழமைக்கு மாற்றலாம் என்றார், காரணத்தோடு. ஆக்னஸ் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தவளுக்குச் சம்பந்தத்தின் சிரிப்புதான் கேட்டது.

"நல்ல யோசனை மேடம். திங்கக்கிழமையே எடுக்கட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டம் கலையும்போது சம்பந்தம் ஆக்னஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"எலியாஸ் சொகமா இருக்காரா டீச்சர்?"

இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் வேகமாகப் படியிறங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் எலியாஸ் வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்தான்.

"இன்னாங்க, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்ல, வேலை இருக்குது" என்று சட்டையைக் கழற்றினான். "இனிமே செவ்வாக்கிழமை தொறந்து வுடணுமாம்."

செவ்வாய் திறந்தால் அடுத்த திங்களுக்குள் ஓடை பளிச்சென்று ஆகிவிடும். அது அவளுக்கு உடனே புரிந்தது.

"உன்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு மேனேஜர் கூப்ட்டுச் சொன்னாரு. இதுவும் வெளிய போச்சுன்னா அன்னிக்கே என் கணக்க முடிச்சி அனுப்பிடுவாராம்."

"அப்புறம் ஏங்க என்கிட்ட சொல்றீங்க?"

எலியாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். கோபமில்லை, ஆனால் அவனுக்கும் பயம் இருந்தது தெரிந்தது.

"போன தடவ எனக்குத் தெரியாம சொன்ன. இந்தத் தடவ எனக்குத் தெரிஞ்சே சொல்லு."