குசாகாபேயின் மடியில் இருக்கும் மெழுகு

1

கோபத்தில் பிறந்த கதை இது, ஒளிப்பானேன். தோக்கியோவின் கான்டா பகுதியில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் ஜப்பானியர் என்னிடம், "நம்ம ஆளுங்க அந்தக் காலத்துல வாசிச்சதை எதுக்குத் தேடுறீங்க? எல்லாம் ஜெர்மன்காரனைப் பார்த்து அடிச்ச காப்பிதானே" என்றார். அவர் மூக்கை உடைப்பதற்காகவே, வீட்டுக்கு வந்து ஓர் இசைக்குழு நடத்துநரைக் கற்பனை செய்தேன்.

2

முதல் தொடக்கம்: "1931. தோக்கியோவில் சாமந்திகள் மலர்ந்திருந்த ஒரு..."

வேண்டாம். பூ வைத்துத் தொடங்கினால் பட அஞ்சலட்டை ஆகிவிடும்.

இரண்டாவது: நடத்துநர் குசாகாபே தெய்ஸோ கோலை இறக்கினார். சிம்பொனியின் கடைசி நான்கு நிமிடங்கள் மெழுகுத் தட்டில் பதிந்துவிட்டன. ஜப்பானியர் மட்டுமே வாசித்த முழு சிம்பொனியை அந்த இசைத்தட்டுக் கம்பெனி பதிவது அதுவே முதல் முறை. பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு இன்னும் அணையவில்லை. அதற்குள் டபுள் பாஸ் வாசிக்கும் இரியே வழக்கம்போல் எழுந்து, குனிந்து வணங்கி, மெழுகில் அதுவும் பதியும்படி கணீரென்று சொல்லிவிட்டார்: "எல்லாரும் ரொம்பப் பாடுபட்டீங்க!"

(வேலை முடிந்ததும் இதைச் சொல்லாமல் இங்கே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இருபது வருஷமாக இங்கிருக்கும் எனக்கே தூக்கத்தில் வருகிறது.)

3

கம்பெனி மேலாளர் மோகி கத்தியோடு ஓடிவந்தார். மெழுகின் மேற்பரப்பைச் சீவிவிட்டால் மறுபடி பதியலாம்.

"மாஸ்டர், இதைச் சீவிட்டு இன்னொரு தடவை எடுத்துடலாம். ஐரோப்பாவுல கேட்டா சிரிப்பாங்க."

"என்னாலதான்... மன்னிச்சுடுங்க, மாஸ்டர்." இரியே குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

காலையிலிருந்து ஆறு முறை வாசித்து, ஏழாவதில்தான் கொம்பு வாத்தியங்கள் பிசகாமல் சேர்ந்தன. இனி இப்படி அமையாது என்று குசாகாபேக்குத் தெரியும். தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்கட்டுமே, மோகி. கடைசியில நம்ம பாஷையைக் கேட்டா, வாசிச்சது யாருன்னு இனிமே எவனும் கேக்க மாட்டான்ல?"

"அப்போ வெளியிட மாட்டோம். ஜெர்மன் தட்டையே வித்துக்குவோம்."

"வித்துக்கோங்க. இதைச் சீவ விட மாட்டேன்."

[இவ்வளவு துணிச்சலாகப் பேசியிருப்பாரா என்று எனக்கே சந்தேகம்தான். முந்தைய மூன்று பிரதிகளில் பணிவாகத்தான் பேசினார். மூன்றையும் கிழித்துப் போட்டேன்.]

4

முடிவு ஒன்று: அவர் இறங்கி வருகிறார், எட்டாவது முறை வாசிக்கிறார்கள். சுத்தமான தட்டு, செத்த வாசிப்பு.

முடிவு இரண்டு: இரியேயின் குரலோடு தட்டு கடைக்கு வருகிறது, ஊரே அதைக் கேட்டு...

இரண்டாவது எனக்கு இனிக்கிறது. ஆனால் மோகி அவ்வளவு நல்லவர் இல்லை. முதலாவதை எழுத எனக்குக் கை வராது. ஆகவே இப்படியே விடுகிறேன்: மோகியின் கையில் கத்தி, குசாகாபேயின் மடியில் மெழுகு, இரியே இன்னும் குனிந்தபடி. சீவியே ஆக வேண்டும் என்பவர்கள் நீங்களே போய் அவர் மடியிலிருந்து பிடுங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதித் தர மாட்டேன்.