இறுகாத உளி

உளி, கத்தி, பல்சக்கரம் எதுவானாலும் பதமாகச் சூடேற்றி இறுக்கிக் கொடுப்பதுதான் பட்டறையில் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், பொழுதுபோகாமல் இரும்போடு மல்லுக்கட்டும் ஐந்து பேருக்கு அதையே சொல்லித் தருகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தப்புச் செய்தால் யாராக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அன்று ஆறாவது வகுப்பு. ஐந்து வாரமாக அரத்தால் தேய்த்துச் செய்த உளிகளை உலையில் வைக்கும் நாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. சிவந்தா மட்டும் போதாது. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டக்கூடாது. இன்னும் கொஞ்சம் சூடு, உடனே எண்ணெயில முக்கணும். இறுகிடுச்சுன்னா அரம் வழுக்கும், இறுகலன்னா கடிக்கும். ஆனா அப்படியே கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி உடையும். அதனால ஓவன்ல இருநூறு டிகிரியில ரெண்டு மணி நேரம். 'அதான் இறுகிடுச்சே'ன்னு நடுவுல யாராவது கிளம்பினா காலை உடைச்சிருவேன்!"

எல்லோரும் சிரித்தார்கள், டெய்லரைத் தவிர.

பக்கவாதம் வந்து எட்டு மாதம் வலது கை விழுந்து கிடந்த மனிதர் அவர். கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இவருக்குத்தான் நம்பிக்கை இல்லை. கத்தரி கொஞ்சம் விலகினாலும் ஊரார் துணி பாழாகிவிடும் என்று பயம். மறுநாள் அவருடைய தையல் மெஷினை விலைக்கு வாங்கிப்போக ஆள் வருவதாக இருந்தது. "இந்த உளி உருப்படியா வந்துட்டா மெஷினைக் கொடுக்க மாட்டேன் டீச்சர்" என்று உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார்.

நான்கு உளிகளில் அரம் வழுக்கியது. டெய்லருடையதில் நறுக்கென்று கடித்தது. திரும்பவும் சூடேற்றினார், காந்தம் பார்த்தார், முக்கினார். அரம் திரும்பவும் கடித்தது.

"எடுத்து முக்குறதுக்குள்ள கை மெதுவாயிடுச்சு போல. விடுங்க டீச்சர். இந்தக் கை இனி இவ்வளவுதான்."

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவர் கை கொஞ்சமும் தயங்கவில்லை. உளியின் பின்முனையைச் சாணைச் சக்கரத்தில் வைத்தேன். கார்பன் நிறைந்த இரும்பென்றால் பொறி பூப்பூவாக வெடிக்கும். இதில் வெறும் கோடாக நீண்டு அணைந்தது. சாதாரண ஜன்னல் கம்பி! தலைகீழாக நின்றாலும் இறுகாது. முதல் வகுப்பில் உளிக்கான கம்பி ஒன்று குறைந்தபோது, பழைய பெட்டியிலிருந்து எடுத்து இவரிடம் நீட்டியவள் நான்தான். இரும்பைச் சோதிக்காமல் தொடாதே என்று தொண்டை கிழியக் கத்தும் நான், அன்று சோதிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அண்ணே, தப்பு என்னோடது. நான் கொடுத்த கம்பி சரியில்ல."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

"நான் என்னைக்கு யாருக்கு ஆறுதல் சொல்லியிருக்கேன்?"

மூலைமட்டத்தை உளியின் விளிம்பில் வைத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். தேய்த்தது துளி கோணினாலும் இடையில் வெளிச்சம் கசியும். "நடுவுல வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல."

"இந்தப் பக்கம்?"

"இல்ல."

மற்ற நான்கு உளிகளையும் வைத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் வெளிச்சம் கசிந்தது. "அஞ்சு வாரமா இதைத் தேய்ச்சது எந்தக் கைண்ணே?"

அவர் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவிக்கு ஃபோன் போட்டார். "நாளைக்கு அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு."

"உளி நல்லா வந்துடுச்சா?" என்று அந்த அம்மா கேட்டது எங்களுக்கே கேட்டது.

"வீணாப்போச்சு!" என்றார், வாயெல்லாம் பல்லாக.