பச்சை வயர்

ஓஸ்வால்டின் கிட்டாரைத் தொட்டால் அடி விழும் என்பது பிரேசர் டவுனில் அந்த வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு வண்ணம் பூச வந்த ஆள் கிட்டார் பெட்டியின் மேல் டீ கிளாஸை வைத்தான், முன்பல் போயிற்று. மகன் ஆஷ்லி சிறுவனாக இருந்தபோது பெட்டியைத் திறந்து ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தான். விரல்கள் உள்ளே இருக்கும்போதே ஓஸ்வால்ட் மூடியை அறைந்து சாத்தினான். நடுவிரல் கோணலாகவே நின்றுவிட்டது. அந்த விரலோடுதான் பையன் வாசிக்கக் கற்றான், கோயில் பாடற்குழுவில் அவனை மிஞ்ச ஆளில்லாத அளவுக்கு. தாய் ஆஞ்சலாவுக்கு அதில் கொஞ்சம் வன்மம் கலந்த சந்தோஷம்.

ஓஸ்வால்டுக்கு வாசிக்க வராது, சேர்க்கத்தான் வரும். கண்டோன்மென்ட் ஓட்டல்களில் பேண்டு முழங்கிய காலத்து எலெக்ட்ரிக் கிட்டார்களை, அந்தப் பேண்டுக்காரர்கள் செத்தபின் வீடு வீடாகப் போய் வாங்கி வருவான். அவனுக்கு ஒரே வேதம், ஒரிஜினல். துருப்பிடித்த ஸ்க்ரூவை மாற்றக் கூடாது. சிகரெட் சுட்ட தழும்பைத் துடைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் உயர்ந்தது ஒரு சிவப்பு கிட்டாரும் அதன் ஒலியைப் பெருக்க அதோடு வந்த வால்வு ஆம்பும். ஆம்பின் வயர் துணி சுற்றிய பழைய இரண்டு பின் வயர். கசியும் கரெண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் கிடையாது. வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட மட்டும் ஆஷ்லி அந்தக் கிட்டாரைத் தொடலாம்.

"மம்மி, கம்பியப் புடிச்சிக்கினு பாடுறப்ப மைக்ல வாய் பட்டா சுர்ருங்குது," என்றான் ஆஷ்லி ஒருநாள், உதட்டைத் தடவிக்கொண்டே.

ஆஞ்சலா எலெக்ட்ரீஷியன் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டாள். அவன் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"அக்கா, ஆம்ப் பாடி முழுக்கக் கரெண்ட் லீக் ஆகுது, கம்பி வழியா ஆள் ஒடம்புல ஏறி மைக்ல எறங்குது. எர்த் குடுக்கலன்னா ஒருநாள் ஆளையே எடுத்துக்கும்."

ஆஷ்லி மூன்று பின் வயர் வாங்கி வந்தான். மஞ்சுநாத் அதை மாட்டி, அதனுள்ளே எர்த்துக்கென்று இருந்த பச்சை வயரை ஆம்பின் இரும்புத் தட்டோடு முறுக்கினான். சுர்ரென்பது நின்றது.

மறுநாளே ஓஸ்வால்ட் பார்த்துவிட்டான். புது வயரைக் கழற்றினான், இரண்டாக மடித்தான், அடித்தான். பிளக்கின் பித்தளைப் பின்கள் பையனின் புருவத்தைக் கிழித்தன. குறுக்கே விழுந்த ஆஞ்சலாவின் தோளிலும் இறங்கின.

"ஞாயித்துக்கெழம ஸ்ரீகண்டன் சார் பாக்க வர்றாரு. ஒரிஜினல் வயர்ல கை வெப்பியா நாயே?"

"ஷாக் அடிக்குது டாடி."

"ரப்பர் செருப்பு போட்டுக்க. அந்தக் காலத்துல வாசிச்சவன்லாம் செத்தா போனான்?"

குப்பைக்கூடையைக் கிளறிப் பழைய வயரை எடுத்து அவனே திரும்ப மாட்டினான். ரத்தம் படிந்த புது வயரை ஆஞ்சலா சமையலறை அலமாரியில் வைத்தாள்.

ஸ்ரீகண்டன் இந்திரா நகரில் கம்பெனி வைத்திருப்பவர், இவனைப் போலவே சேகரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, ஆம்பின் குரலைக் கேட்க ஆசைப்பட்டார். புருவத்தில் பிளாஸ்திரியும் காலில் ரப்பர் செருப்புமாக ஆஷ்லி பாடினான். இரண்டாம் வரியில் உதடு மைக்கைத் தொட்டது. பாட்டு சொல்லின் பாதியில் அறுந்தது. உடம்பு வில்லாக விறைத்தது. விரல்கள் கிட்டாரின் கழுத்தை நெரிப்பதுபோல இறுகின. கோணல் விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நடுங்கியது. கட்லெட் தட்டைப் போட்டுவிட்டு ஓடிய ஆஞ்சலா பிளக்கைப் பிடுங்கினாள்.

பையன் சரிந்தான். தோள்வார் நழுவியது. ஓஸ்வால்ட் இரண்டு கைகளையும் நீட்டிப் பாய்ந்தான். மகனைத்தான் தாங்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

அவன் கிட்டாரைப் பிடித்தான். ஆஷ்லியின் தலை ஆம்பின் மூலையில் மோதித் தரையில் விழுந்தது.

போலீசார் ஆஷ்லியின் சாவை விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாளில் ஸ்ரீகண்டன் ஆம்பை விலை பேச மறுபடி வந்தார். ஆஞ்சலா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்கவே சங்கடமா இருக்கு. ஆம்ப்ல பிரச்சனை ஒண்ணும் இல்லியே? எம்பொண்ணு பாடுவா. அவளுக்காகத்தான் கேக்கிறேன்."

"வீட்டு வயரிங் கோளாறு சார். ஆம்ப் சுத்தம். எல்லாம் ஒரிஜினல்."

அந்தப் பெண்ணும் உதட்டை மைக்கில் வைப்பாள். ஆஞ்சலா அலமாரியைத் திறந்து ரத்தம் காய்ந்த வயரை எடுத்தாள்.

கூடத்துக்கு வந்து மைக் ஸ்டாண்டை நிறுத்தினாள். மைக்கை ஸ்பீக்கரில் செருகினாள், கிட்டாரை ஆம்பில் செருகினாள், இரண்டுக்கும் ஸ்விட்ச் போட்டாள். வால்வுகள் மெல்லச் சிவந்தன.

"சாருக்கு வாசிச்சுக் காட்டு," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க என்றே அழைத்தவள் அவள். "கம்பியப் புடிச்சிக்கினு மைக்குக்கு ஒரு முத்தம் குடு. செருப்பு வேணும்னா போட்டுக்க."

"பைத்தியமா உனக்கு? உள்ள போ."

"சுத்தமான ஆம்ப்தானே? குடு."

ஓஸ்வால்ட் ஒரு அடி பின்னால் போனான். ஸ்ரீகண்டன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆம்பைப் பார்த்தார். எழுந்துகொண்டார்.

"பையன் செத்தது இதாலயா? தெரிஞ்சேவா எனக்கு விக்கப் பாத்தீங்க?"

ஓஸ்வால்ட் ஆஞ்சலா பக்கம் திரும்பினான். அவளை நோக்கிக் கையை ஓங்கினான். அதற்குமுன் அவள் கையிலிருந்த வயர் இறங்கியது. பிளக் அவன் கன்ன எலும்பில் பட்டுத் தோலைப் பிய்த்தது. அடுத்தது மறைத்த கையில். தடுமாறி விழும்போது, சாய்த்து வைத்திருந்த கிட்டார்மேல் பட்டுவிடாமல் அவன் உடம்பைத் திருப்பிக்கொண்டான்.

அதைப் பார்த்தபின் அவள் நிறுத்தவில்லை. முதுகு, கழுத்து, காது. மூச்சு வாங்கி அவள் நின்றபோது ஸ்ரீகண்டனின் கார் கிளம்பிப் போயிருந்தது.

ஆஞ்சலா போன் செய்ததும் மஞ்சுநாத் வந்தான், வாசலிலேயே ஒரு கணம் தயங்கினான். ரத்தம் தோய்ந்த துண்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தான் ஓஸ்வால்ட்.

"என்னக்கா இது?"

"இத மாட்டு," என்று வயரை நீட்டினாள். பிறகு அவன் கழற்றிப் போட்ட துணி வயரை அரிவாள்மணையில் வைத்துத் துண்டு துண்டாக அரிந்தாள்.

"போச்சு," என்றான் ஓஸ்வால்ட், வீங்கிய வாயால். "அதோட வேல்யூ போச்சு."

மஞ்சுநாத் பச்சை வயரை முறுக்கி ஸ்க்ரூவை இறுக்கினான். ஸ்விட்ச் போட்டதும் ஆஞ்சலா கிட்டாரின் கம்பிகளை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள்.

"அக்கா, வேணாம். மொதல்ல டெஸ்டர் வெச்சுப் பாத்துடறேன், இரு."

அவள் குனிந்து மைக்கில் உதட்டை வைத்தாள். வலைக்கம்பி சில்லென்று இருந்தது, சுர்ரென்று இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.