எழுவரில் ஒருவன்

மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால்சட்டைப் பையில் ஒரு பொருள் கிடந்தது. அதைத் தொடுவதும் விடுவதுமாக வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அது என்ன பொருள் என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் எல்லைக்கற்களைக் காப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்த ஏழு பேர் உண்டு. எழுவர் என்போம். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஓர் அடையாளம் புதைந்திருக்கும். அது என்ன, எப்படிக் கிடக்கும் என்பது எழுவருக்கு மட்டுமே தெரியும். கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது. தனியாக எவனும் கல்லைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றோடு அவன் எழுவரில் இல்லை. நான், ஃபைட் ப்ராண்ட்ல், பதினோரு வருஷமாக அதில் ஒருவன். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

எங்கள் ஊர்க்காரி ஆஃப்ராவின் காடு தேசியப் பூங்காவை ஒட்டியது. பூங்காவில் மரத்தின் பட்டைக்குள் புகுந்து அரிக்கும் பட்டைவண்டு விழுந்தாலும் மரத்தை வெட்ட மாட்டார்கள். நின்றபடியே சாக விடுவார்கள். எங்கள் பக்கம் உடனே வெட்டாவிட்டால் பக்கத்து மரமும் போய்விடும். ஆஃப்ரா ஒன்பது மரம் வெட்டினாள். ஒன்பதும் எங்களுடையவை என்றது பூங்கா. கல் நின்ற இடமோ அவளுடையவை என்றது. எழுவர் தோண்டிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்; அடியில் அடையாளம் இல்லாவிட்டால் கல் நகர்ந்தது என்று அர்த்தம். நகர்த்தி லாபம் அடைந்தது யார்? ஊர் அதற்குள் அவளைத் திருடி ஆக்கிவிட்டது.

நகர்த்தியது நான். மூன்று வருஷம் முன் டிராக்டரில் மரம் இழுத்தபோது சங்கிலியில் கல் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பனி குழியை மூடியிருந்தது. குத்துமதிப்பாக நட்டேன். பனி உருகியதும் பழைய குழி பத்து தப்படி மேலே பல்லைக் காட்டியது. சருகை அள்ளிப் போட்டு மூடினேன். அப்போதே சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எழுவரும் கல்லருகே கூடினோம். பூங்கா அதிகாரியும் ஆஃப்ராவும் வந்திருந்தார்கள்.

"யாரு தோண்டுறது?" என்றான் எங்கள் தலைவன் குவிரின்.

"நான்." முதலில் கையை விட்டு, அடையாளத்தைப் போலவே நான் செய்து பையில் வைத்திருந்ததை உள்ளே தள்ளிவிடுவதுதான் என் திட்டம்.

"என்னடா, வண்டு உன்னையும் அரிக்குதா? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குற!" என்றான் குவிரின்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆஃப்ரா சிரிக்கவில்லை.

"தோண்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கல்லு முன்ன இங்க இல்ல. மேல இருந்துச்சு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா வெட்டினீங்க?" என்றார் அதிகாரி.

"நகர்ந்திருந்தா எழுவர்தான் அளந்து நட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். ஏழு பேரு சத்தியத்தைவிட என் கண்ணு பெருசா? போய்க் கேக்கறதே மரியாதை இல்லன்னு விட்டுட்டேன்."

குவிரின் தொப்பியைக் கழற்றினான். "நாங்க யாரும் இதத் தொடல, ஆஃப்ரா."

அவள் முகம் வெளுத்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். தன் கண்ணை நம்பாமல் எங்களை நம்பியதற்கு அவளுக்குக் கிடைத்த கூலி இது.

"நான்தான்" என்றேன். "டிராக்டர்ல மாட்டிக்கிச்சு. நானே எடுத்து நட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

பையில் இருந்ததைக் குவிரின் கையில் வைத்தேன். பார்க்காமலேயே விரல்களை மூடிக்கொண்டான்.

மேலே போய்ச் சருகை விலக்கிப் பழைய இடத்தைக் காட்டினேன். குவிரின் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சத்தியம் பண்ணாதவங்க திரும்பி நில்லுங்க" என்றான்.

அதிகாரி திரும்பினார். ஆஃப்ரா திரும்பினாள். மண்வெட்டி அசையவில்லை.

"நீயும்தான், ஃபைட்."

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் மண் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும், "சரியா இருக்கு" என்றார்கள். என் வாயும் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.