பெண்கள் பாதுகாப்புச் சாவடி

ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவர மறந்துவிட்டார்கள். டெய்லர் கடைக்கு ஆளனுப்பி ஒன்று வாங்கிவரும்வரை கவுன்சிலர் முனிரத்தினமும் இன்ஸ்பெக்டரும் கழுத்து மாலையோடு வெயிலில் நின்றார்கள். சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முடிகிற இடத்தில், நீலமும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த புதிய போலீஸ் சாவடி. 'பெண்கள் பாதுகாப்புக்காக' என்று வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சாரா கூட்டத்தின் ஓரத்தில் மாஸ்க்கை இறக்காமல் நின்றாள். மாஸ்க்கில் அந்த ஒரு வசதி இருந்தது. உதடு எப்படிக் கோணினாலும் யாருக்கும் தெரியாது.

முனிரத்தினம் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். காலிக் குடத்தைத் தட்டிக் காட்டுகிற குரலிலேயே மேடையிலும் பேசுவார். "கொரோனாவுல கவுன்சிலுக்கு வருமானமே இல்ல. கடை வாடகை வர்ல, வீட்டு வரி வர்ல, மேல இருந்து வர்றதையும் வெட்டிட்டாங்க. அப்படியும் நம்ம தாய்மாருங்களுக்காக போலீசுக்குக் கை குடுத்துகிறோம்!" கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

தாய்மார்கள் கேட்டது வேறு. லைன் வீடுகளுக்குள் கக்கூஸ் கிடையாது. சுரங்கக் கம்பெனி காலத்தில் கட்டிய பொதுக் கக்கூஸ் ஒன்றுதான் இருந்தது. முதல் லாக்டவுனில் அதன் பைப் உடைந்தது. ரிப்பேருக்குக் காசில்லை என்று கவுன்சில் அதைப் பூட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து பெண்கள் எல்லாரும் விடியுமுன் சைனைட் மேட்டுக்குப் பின்னால்தான் போனார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், மலையாகக் கிடக்கும் இடம் அது. போன மழைக்காலத்தில் சாராவின் மகள் சுமா அங்கே தனியாகப் போனபோது பைக்கில் வந்த இரண்டு பேர் துரத்தினார்கள். ஓடி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

லைனே திரண்டு போய்க் கக்கூஸைத் திறக்கச் சொன்னது. பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். ஆனால் சாவடிக்குப் பள்ளம் தோண்டினார்கள். சாரா நேராகப் பாத்திரக்கடைக்குப் போனாள்.

"நாங்க கேட்டது கக்கூஸுண்ணா. இது இன்னாத்துக்கு?"

"உன் பொண்ணுக்காகத்தாம்மா. போலீஸ் நின்னா எவன் கிட்ட வருவான்?" முனிரத்தினம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரகசியம் சொல்லிக்கொடுக்கிற பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. "கக்கூஸுன்னு எழுதினா ஃபைலை எவனும் தொட மாட்டான். போலீசுக்குன்னு எழுதினா மீட்டிங்ல அத்தினி பேரும் கை தூக்குவான். அப்படித்தான் வேலை வாங்கணும்."

தன் சாமர்த்தியத்தை அவள் மெச்சுவாள் என்று அவர் உண்மையாகவே எதிர்பார்க்கிறார் என்பது சாராவுக்குப் புரிந்தது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் அவள் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். விடிகாலை ரயிலைப் பிடித்துப் போய், யார் யாரோ உட்கார்ந்து எழுந்த பீங்கானை நாளெல்லாம் தேய்ப்பாள். அந்த வேலையில் வராத அருவருப்பு அந்தக் கடையில் நின்றபோது வந்தது.

திறப்பு விழா முடிந்து பெரிய மனிதர்கள் போனதும் பெண்கள் சாவடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மேஜை, நாற்காலி, ஃபேன். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. பக்கத்து வீட்டு வெங்கடம்மா அதைத் தள்ளினாள். டைல்ஸ் போட்ட பாத்ரூம். குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. வெங்கடம்மா அடக்க முடியாமல் சிரித்தாள்.

கை முறிந்த நாளிலிருந்து சுமா மத்தியானத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. உதடு வெடித்திருந்தது. "குடிச்சா அங்க போவணும் இல்லம்மா," என்றாள். மறுநாள் விடியுமுன் சாரா அவளைச் சாவடிக்கு அழைத்துப் போனாள். காவலுக்கு இருந்த போலீஸ்காரி மமதா, பூதிகோட்டையிலிருந்து வந்த கன்னடப் பெண், வேலைக்குப் புதிது.

"பேடா அக்கா, வேணாம். பப்ளிக்குக்கு இல்ல. சார் திட்டுவாரு."

"வாசல்ல யாருக்குன்னு எழுதிகீது? படி."

மமதா படிக்கவில்லை. சுமாவின் கோணலாக ஒட்டியிருந்த மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தச் சின்னக் கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்தடுத்த நாள்களில் வரிசை நின்றது. முறைவைத்துக் கழுவினார்கள். வெங்கடம்மா ஃபினாயில் கொண்டுவந்தாள். சுமா ராத்திரிச் சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாள்.

சேதி பஜாருக்குப் போகாமலிருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் முனிரத்தினம் குதித்து இறங்கினார்.

"இது போலீஸ் அவுட்போஸ்ட்! உங்களுக்காக இவ்ளோ செஞ்சா, அசிங்கம் பண்றீங்களே!"

"அசிங்கமா?" என்றாள் சாரா. "உள்ள போய்ப் பாருங்கண்ணா. உங்க மீட்டிங் ஹாலைவிடச் சுத்தமா கீது. அங்க வர்ற நாத்தம் இங்க இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனிரத்தினத்தின் காது சிவந்தது. "தீர்மானத்துல பாதுகாப்புன்னுதான் போட்டுகீது. பாத்ரூமுன்னு போடல."

இன்ஸ்பெக்டர் அவளைத் தாண்டி உள்ளே போனார். பாத்ரூமுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மமதா பின்னாலேயே ஓடினாள்.

"சார்... நானு எங்க போறது?"

"அட்ஜஸ்ட் மாட்கோ," சமாளித்துக்கொள் என்று கன்னடத்தில் சொன்னார். ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் விடிய நேரமிருந்தது. பெண்கள் பழையபடி மேட்டை நோக்கி நடந்தபோது சாவடிக் கதவு திறந்தது. மமதா யூனிஃபார்மோடு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். வெங்கடம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

"கல்லு கீது. பாத்து வா," என்றாள் சாரா.

மேட்டின் அடியில் டார்ச்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மமதா தொப்பியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். சுமா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதை மார்போடு அணைத்தபடி எல்லாருக்கும் முதுகு காட்டித் திரும்பி நின்று, ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.